டிக்கெட்டில் ஒரு நிறுவனம், விமானத்தில் வேறொன்று: பெங்களூரிலிருந்து பறப்பவர்களுக்கு ஒரு கோட்ஷேர் வழிகாட்டி

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், புறப்பாட்டுப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஊர் ஒன்று, நேரம் ஒன்று, வாசல் எண் ஒன்று. விமான எண் மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிறுவனத்தின் சின்னம் மறையும், இன்னொன்றின் சின்னம் வரும். வெளியே நிற்பதோ ஒரே விமானம்.

இதுதான் கோட்ஷேர். ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் இன்னொரு நிறுவனம் தன் எண்ணை ஒட்டி, தன் பெயரில் இடங்களை விற்கிறது. ஓசூர், சேலம், தருமபுரியிலிருந்து பெங்களூரு வந்து விமானம் ஏறும் பெற்றோர்களும், அலுவலகம் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டுடன் முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் இளைஞர்களும் இதைக் கண்டு குழம்புவதுண்டு. "நாங்கள் வாங்கியது ஏர் இந்தியா டிக்கெட், கவுன்டரில் வேறு கம்பெனி பெயர் போட்டிருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?" என்பதுதான் வழக்கமான கேள்வி. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. டிக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள், சின்ன எழுத்தில்.

கல்யாணத்துக்கு அழைத்தவர் ஒருவர், பந்திக்குச் சமைத்தவர் இன்னொருவர் என்பதுபோலத்தான் இந்த ஏற்பாடு. அழைப்பிதழைப் பற்றிய கேள்வியைச் சமையல்காரரிடம் கேட்டால் கையை விரிப்பார். கோட்ஷேர் பயணத்தில் நேரும் சிக்கல்களில் பெரும்பகுதி, தவறான ஆளிடம் போய் நின்றதால் வளர்ந்தவை. எனவே ஒரு விதியை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பணம், கட்டண விதி, தேதி மாற்றம், ரத்து ஆகியவற்றுக்கு டிக்கெட்டை விற்ற நிறுவனம். செக்-இன், இருக்கை, சாப்பாடு, பயண நாளின் தாமதம் ஆகியவற்றுக்கு விமானத்தை இயக்கும் நிறுவனம். பெட்டி மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வில்லங்கம். அதைத் தனியாகப் பார்க்கலாம்.

எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் விமானம் ஏறி பெங்களூரில் இறங்கும் உள்நாட்டுப் பயணியை வெளிநாட்டு நிறுவனம் தன் விமானத்தில் ஏற்றிச் செல்ல நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை ஒரே டிக்கெட் விற்க அதற்கு ஆசை இருக்கும். அதனால் உள்நாட்டுப் பகுதியை இண்டிகோ போன்ற இந்திய நிறுவனத்தின் விமானத்தில் தன் எண்ணைப் போட்டு விற்கிறது. இந்திய நிறுவனத்துக்கு இருக்கை நிரம்புகிறது, வெளிநாட்டு நிறுவனத்துக்குப் புதிய ஊர் கிடைக்கிறது.

பல விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டணியோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் சேர்ந்தது. இண்டிகோ அப்படிப்பட்ட பெரிய கூட்டணி எதிலும் சேராமலேயே டர்க்கிஷ் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ், குவாண்டாஸ் என்று பல நிறுவனங்களோடு தனித்தனியாகக் கோட்ஷேர் ஒப்பந்தம் போட்டது. எமிரேட்ஸும் கூட்டணி எதிலும் இல்லாமலே உலகம் முழுக்கப் பங்காளிகள் வைத்திருக்கிறது.

1. பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள்

இணையத்தில் தேடும்போது விமான எண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த விமானத்தை இயக்குவது இன்னார் என்று. கைபேசித் திரையில் அது தெரியாமலும் போகலாம். விவரம் என்று இருக்கும் இடத்தைத் தொட்டால் விரியும். அந்த வரியைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எண்ணின் முன்னால் இருக்கும் இரண்டு குறிகள் விற்பவரைக் காட்டும். ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ., இண்டிகோவுக்கு 6ஈ, ஜெர்மனியின் லுஃப்தான்சாவுக்கு எல்.எச்., சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு எஸ்.க்யூ., நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துக்கு கே.எல். கோட்ஷேர் எண்கள் பெரும்பாலும் நான்கு இலக்கத்தில் இருக்கும் என்பது பலர் சொல்லும் குறிப்பு. அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் விமானங்களுக்கு ஏ.ஐ. என்ற குறியோடு 2 என்று தொடங்கும் நான்கு இலக்க எண்கள் கொடுக்கப்பட்டன. அவை ஏர் இந்தியாவே இயக்கும் விமானங்கள்.

ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு இருக்கையை இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு விலைக்கு விற்பது சகஜம். இயக்கும் நிறுவனத்தின் தளத்திலும் ஒருமுறை அதே தேதியைப் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், இயக்குபவரிடமே வாங்குங்கள் என்பது என் கட்சி. ஏதாவது நடந்தால் இரண்டு வாசல் ஏறி இறங்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் என்றால் கோட்ஷேரே வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ரத்துக் கட்டணத்தையும் பெட்டி அளவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பெட்டியே அனுமதிக்காத மலிவுக் கட்டணங்கள் இப்போது நெடுந்தூர விமானங்களிலும் வந்துவிட்டன.

2. ஒரே டிக்கெட்டா, ஒட்டுப்போட்ட டிக்கெட்டா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

டிக்கெட் விற்கும் தளங்கள் சில, சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பயணம்போலக் காட்டி விற்கின்றன. விலை கவர்ச்சியாக இருக்கும். பார்வைக்குக் கோட்ஷேர் மாதிரியே இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. புது டிக்கெட் உங்கள் செலவு. போதாக்குறைக்கு, நடுவில் இருக்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசா இல்லையென்றால் பெங்களூரு கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். வழி அமெரிக்காவாக இருந்தால், எந்த வகை டிக்கெட்டானாலும், விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கண்டுபிடிப்பது எளிது. மின்-டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும்: ஏர் இந்தியா 098, லுஃப்தான்சா 220, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157, கே.எல்.எம். 074, இண்டிகோ 312. உங்கள் பயணத்தின் எல்லா விமானங்களும் ஒரே எண்ணின் கீழ் வந்தால் அது ஒரே ஒப்பந்தம். ஓர் எண்ணில் நான்கு விமானங்கள் வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் அடுத்த வரிசை எண் சேரும், அதில் பயம் இல்லை. முதல் மூன்று இலக்கமே வேறாக, இரண்டு எண்கள் இருந்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டு டிக்கெட்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் கொடுத்து ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

இன்னொன்று: அந்த முதல் மூன்று இலக்கம் யாரைக் காட்டுகிறதோ அவர்களிடம்தான் உங்கள் பணம் இருக்கிறது. ரத்துசெய்து பணம் கேட்கும்போது இது உதவும்.

3. இரண்டாவது பி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

பி.என்.ஆர். என்பது ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறி. ரயில் டிக்கெட்டில் பழகிய நமக்கு அது ஒன்றுதான் இருக்கும் என்ற நினைப்பு. கோட்ஷேரில் விற்ற நிறுவனத்தின் கணினியில் ஒரு குறியும், இயக்கும் நிறுவனத்தின் கணினியில் இன்னொரு குறியும் இருக்கலாம். விற்றவர் கொடுத்த குறியை இயக்குபவரின் தளத்தில் போட்டு, "இப்படி ஒரு பதிவே இல்லை" என்ற பதிலைப் பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம்.

விற்ற நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ போன் செய்து, "இயக்கும் நிறுவனத்தின் பி.என்.ஆர். என்ன?" என்று கேளுங்கள். கொடுப்பார்கள். வெப் செக்-இன், இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சாவி அதுதான். வெப் செக்-இன் எத்தனை மணி நேரத்துக்கு முன் திறக்கும் என்பதும் இயக்குபவரின் விதிப்படிதான்.

ஏஜென்ட் மூலம் வாங்கினால், உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நேரம் மாறினால் வரும் செய்தி ஏஜென்டின் பெட்டிக்குப் போய் அங்கேயே தூங்கிவிடும்.

4. நம் ஊர்ப் பெயரும் அவர்கள் கணினியும்

தமிழர்களுக்கென்றே அமைந்த தனித் தலைவலி இது. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. மாரியப்பன் என்று பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும், குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அல்லது அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும், மற்ற எல்லா ஆவணத்திலும் அது வெறும் தலைப்பெழுத்தாக இருக்கும். விமான நிறுவனத்தின் கணினியோ இரண்டு கட்டமும் நிரம்பாமல் அடுத்த பக்கம் போகாது.

சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான எஃப்.என்.யு. என்ற குறியைப் போடச் சொல்லும். அமெரிக்க விசாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இந்தக் குறிதான் அச்சாகும். கோட்ஷேரில் இரண்டு நிறுவனங்கள் இருப்பதால், எதன் விதியைப் பின்பற்றுவது என்ற குழப்பம் வரும். டிக்கெட்டை வெளியிடும் நிறுவனத்தின் விதிப்படி பெயரைப் போடுங்கள். பிறகு இரண்டாவது பி.என்.ஆர். கிடைத்ததும் இயக்குபவரின் தளத்தில் திறந்து, பெயர் அப்படியே வந்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

போர்டிங் பாஸில் பெயரின் வாலில் "எம்.ஆர்." அல்லது "எம்.ஆர்.எஸ்." என்ற எழுத்துகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மாரியப்பன் புதுப் பெயர் வாங்கியதுபோல இருக்கும். அது திரு, திருமதி என்ற அடைமொழி; பிழை இல்லை. உண்மையான எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டியவர் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனம். இயக்குபவரிடம் கேட்டால், "எங்களால் கைவைக்க முடியாது" என்பார்கள், அது உண்மைதான். திருத்திய பிறகு அது மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. டிக்கெட் வாங்கும் முன் அந்த விதியின் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பெட்டி

உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்கு 15 கிலோ என்பது பெங்களூரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து பெங்களூரு வழியாக ஆம்ஸ்டர்டாம் போகும் ஒரே டிக்கெட்டில், அந்த உள்நாட்டுப் பகுதிக்கும் வெளிநாட்டுப் பயணத்தின் பெட்டி அளவே செல்லும். கோயம்புத்தூர் கவுன்டரில் இருப்பவர் பழக்க தோஷத்தில் 15 கிலோவுக்கு மேல் பணம் கேட்டால், முழுப் பயணத்தின் மின்-டிக்கெட்டைக் காட்டுங்கள். அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே எத்தனை பெட்டி அல்லது எத்தனை கிலோ என்று அச்சாகியிருக்கும். விவாதத்தை முடிப்பது அந்த வரிதான். இதே பயணத்தை இரண்டு டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இந்த உரிமை கிடையாது.

யாருடைய பெட்டி விதி என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் பயணங்களில், முதல் விமானத்தைத் தன் எண்ணில் விற்ற நிறுவனத்தின் விதி பொதுவாகப் பயணம் முழுவதற்கும் செல்லும். அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் ஒழுங்குமுறை அது. மற்ற தடங்களில் நிறுவனங்கள் தமக்குள் வைத்திருக்கும் விதி வேலை செய்யும். நீங்கள் அதை ஆராய வேண்டாம். டிக்கெட்டில் அச்சான அளவைப் பாருங்கள், போதும். கைப்பெட்டி மட்டும் இயக்குபவரின் அளவுக்கு உட்பட வேண்டும், வாசலில் நிறுத்துப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பவர் பேங்க் விஷயமும் அப்படியே: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. வேறு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கினேன் என்ற சமாதானம் உள்ளே எடுபடாது.

இப்போது கவுன்டர். பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளக் காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். அது பெல்ட்டில் நகர்வதற்கு முன் படியுங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்து ஊர்க் குறி இருக்கும். ஆம்ஸ்டர்டாம் என்றால் ஏ.எம்.எஸ்., பெங்களூரு என்றால் பி.எல்.ஆர். கோயம்புத்தூரில் ஒட்டிய பட்டையில் கடைசிக் குறி ஏ.எம்.எஸ். என்று இருந்தால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். பி.எல்.ஆர். என்று நின்றுவிட்டால், பெங்களூரில் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். "கடைசி ஊர் வரை போகுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதிலை நம்புவதோடு பட்டையையும் பாருங்கள். உங்களிடம் தரும் சின்னத் துண்டில் பத்து இலக்க எண் இருக்கும். அதைப் பாஸ்போர்ட் உறையில் ஒட்டி, கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

திரும்பி வரும்போது கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைப்பதே வழக்கம். பட்டையில் கோயம்புத்தூர் என்று இருந்தாலும் பெங்களூரில் பெல்ட் பக்கம் ஒரு பார்வை பார்க்காமல் நகராதீர்கள். அமெரிக்காவிலும் முதல் ஊரில் இதே வேலைதான்.

6. சாப்பாடு, சக்கர நாற்காலி

அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். "இந்து உணவு" என்று ஒரு தேர்வு பட்டியலில் இருக்கும். கோயிலுக்குப் போகிற குடும்பம், இதுதான் நமக்கு என்று பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். எச்.என்.எம்.எல். என்ற குறியுள்ள அந்த உணவில் மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கோழியும் ஆடும் மீனும் வரும். நம் ஊர்ப் பாணிச் சைவச் சாப்பாட்டுக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறி, ஆசிய சைவ உணவு என்று இருக்கும். தட்டைத் திறந்து பார்த்து முகம் சுளித்து, பதினொரு மணி நேரம் வெறும் பன்னைத் தின்று போகும் அம்மாக்களைக் காப்பாற்ற இந்த நான்கு எழுத்து போதும்.

விற்ற நிறுவனத்திடம் சொன்ன சாப்பாடும் சக்கர நாற்காலியும் இயக்குபவரின் கணினிக்குத் தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம். இரண்டாவது பி.என்.ஆர். கையில் இருக்கும்போது இயக்குபவருக்கே ஒரு போன் போடுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் செய்தால் திருத்த அவகாசம் இருக்கும். சக்கர நாற்காலியை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நடுவழி ஊரில்தான் அது அதிகம் தேவைப்படும்.

இருக்கைக்கு விற்ற நிறுவனத்திடம் பணம் கட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். இயக்குபவரின் தளத்தில் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதே பத்திரம்.

7. பயண நாள்: எந்த முனையம், எந்த கவுன்டர்

பெங்களூரில் 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து செல்கின்றன. உள்நாட்டு விமானங்கள் நிறுவனத்தைப் பொறுத்து இரண்டு முனையங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களுக்கு முதல் முனையம் என்பது வழக்கம். ஆக, டிக்கெட்டில் வெளிநாட்டு நிறுவனத்தின் எண் இருப்பதைப் பார்த்து இரண்டாம் முனையத்துக்குப் போய், உண்மையில் டெல்லிவரை போகும் இண்டிகோ விமானத்தை அங்கே தேடுவது நடக்கக்கூடிய கூத்து. முனையத்தை முடிவுசெய்வது இயக்கும் நிறுவனம். டாக்ஸியில் ஏறும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி வரை வருகிற பயணமே ஒரு குட்டி வெளிநாட்டுப் பயணம். அதன் கடைசியில் முனையம் மாறி ஓடும் தெம்பு யாருக்கும் இருக்காது.

இங்கே முனையம் மாறிவிட்டாலும் பெரிய மோசம் இல்லை. இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன, இலவச பஸ் இருக்கிறது. டெல்லியில் முதல் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் நடுவில் பல கிலோமீட்டர் சாலை. மும்பையிலும் இரு முனையங்கள் வெவ்வேறு பக்கத்தில். அந்த ஊர்கள் வழியாகப் போனால், இறங்கும் முனையம், ஏறும் முனையம் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்டரில் எல்லா விமானங்களின் போர்டிங் பாஸையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். அடுத்த விமானத்துக்குத் தர முடியவில்லை என்றால், எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. தாமதம், ரத்து, காணாமல் போன பெட்டி

கிளம்புவதற்குப் பல நாள் முன்பே நேரம் மாறினால் விற்ற நிறுவனத்திடம் பேசுங்கள். விமான நிலையத்துக்கு வந்த பிறகு நடந்தால் இயக்குபவரின் கவுன்டர். அப்போது விற்றவரின் கால் சென்டரில் இசை கேட்டுக்கொண்டு நிற்பது வீண்.

இழப்பீடு என்று வரும்போது இயக்குபவர் யார் என்பது பணமாகவே மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 எண் ஒழுங்குமுறை, 2004ஆம் ஆண்டு வந்தது, பொறுப்பை இயக்கும் நிறுவனத்தின் மேல் வைக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் அது உண்டு. இந்தியாவிலிருந்து அங்கே போகும் விமானத்துக்கோ, இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். விளைவைப் பாருங்கள். ஏர் இந்தியா எண்ணில் வாங்கி, லுஃப்தான்சா இயக்கும் விமானத்தில் பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகிறீர்கள்; நிறுவனத்தின் கோளாறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ கேட்கலாம். லுஃப்தான்சா எண்ணில் வாங்கி, ஏர் இந்தியா இயக்கும் விமானத்தில் டெல்லியிலிருந்து போனால் அந்த விதியின்படி ஒன்றும் இல்லை. டிக்கெட்டின் தலைப்பு இங்கே பேசுவதில்லை. மோசமான வானிலை போன்ற, அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் உண்டு.

இணைப்பு விமானத்தில் இன்னும் ஒரு நுணுக்கம். பிராக்கிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போன பயணிகளின் வழக்கில், தாமதமானது அபுதாபியின் எதிஹாட் நிறுவனம் இயக்கிய இரண்டாவது விமானம். முதல் பகுதியை இயக்கியதும் முழு டிக்கெட்டை விற்றதும் செக் ஏர்லைன்ஸ். ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில், ஒரே முன்பதிவு என்பதால் செக் ஏர்லைன்ஸே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரே டிக்கெட் வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில், இடம் உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதிகளின்படி மாற்று விமானம் எவ்வளவு தாமதம் என்பதைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு.

பெட்டி வரவில்லையென்றால், கடைசி விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் மேசைக்குப் போய், அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே போய்விடும். விமானப் பயண இழப்பீடு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான, இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம், விற்றவர் இயக்கியவர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும்போது இதைச் சொல்லுங்கள், தொனி மாறும். அந்த ஒப்பந்தத்தில் பெட்டிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 டாலர். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்கு என்றால் இரண்டு ஆண்டு.

நிறுவனம் பதில் தராவிட்டால், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலைபார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்றது தோஹா நிறுவனமாகவும் ஏஜென்ட் மும்பையிலும் இருந்தாலும், மாரத்தஹள்ளியில் வாடகைக்கு இருப்பவர் பெங்களூரு ஆணையத்தின் படியேறினால் போதும். வழக்கில் விற்றவர், இயக்கியவர் இருவர் பெயரையும் சேருங்கள். மின்-டிக்கெட், போர்டிங் பாஸின் கிழித்த துண்டு, பெட்டியின் பத்து இலக்க எண் ஆகிய மூன்றையும், அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனங்கள் தரும் மைல் புள்ளிகள் உங்கள் கணக்கில் ஏறும்வரையாவது தூக்கிப் போடாதீர்கள்; கோட்ஷேரில் புள்ளிகள் விடுபடுவதும் உண்டு, அப்போதும் கேட்கப்படுவது இவைதான்.